ஜொகூர் நீரிணையில் நால்வர்



ஜொகூர் பாருவிலிருந்து மாசாய் வழியாகப் பாசிர் கூடாங் பக்கம் போயிருப்பவர்கள், வலப்புறம் மரங்களுக்கிடையே விட்டுவிட்டுத் தெரியும் நீர்ப்பரப்பைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் ஜொகூர் நீரிணை. தெப்ராவ் நீரிணை என்றும் சொல்வோம். அகலம் பெரிதில்லை. எதிர்க்கரையில் சிங்கப்பூர். தண்ணீர் கலங்கலாய், ஓசையில்லாமல் கிடக்கும். பெருங்கடலின் மிரட்டல் எதுவும் அதற்கு இல்லை. தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய் உட்கார வைத்தால், தூண்டில் போடுகிறவர்களையும் சரக்குக் கப்பல்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இந்த அமைதியான தண்ணீருக்கடியில், 1945ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், பட்டப்பகலில், நான்கு மனிதர்கள் ஓர் இரும்புக் குழாய்க்குள் அடைபட்டு, தலைக்கு மேல் ஒரு போர்க்கப்பலின் எடை கிடக்க, உயிரோடு வெளிவருவோமா என்று தெரியாமல் தவித்தார்கள். அந்த நால்வரில் இருவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், பதக்கம் வாங்கிய பிறகு அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என்ன நேர்ந்தது என்பதை இன்று நாம் பார்ப்போம். இது வெள்ளைக்காரர்களின் கதைதானே, நமக்கென்ன என்று தோன்றலாம். நடந்த இடம் நம் வாசல். நடந்த காலம் நம் பாட்டன் பாட்டிகள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம்.

முதலில் அந்தக் காலத்தை நினைவுக்குக் கொண்டுவருவோம். 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்து உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் போயிற்று. பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்தனர். 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் நம் தோட்டங்கள் எப்படி இருந்தன என்பதை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசி இல்லை. வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லை. சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். சயாம் ரயில் பாதைக்கு என்று தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்குப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆண் பிள்ளையே இல்லாத லயங்கள் இருந்தன. ஆக, 1945இல் இந்த நீரிணையில் நடந்த எதுவும், போர் எப்போது முடியும் என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்த நம் மக்களின் தலைவிதியோடு சேர்ந்தே நடந்தது.

அந்த ஆண்டு நடுவில், சிங்கப்பூரின் வடகரையில் இருந்த கடற்படைத் தளத்தை ஒட்டி இரண்டு பெரிய ஜப்பானியப் போர்க்கப்பல்கள் நின்றிருந்தன. ஒன்றின் பெயர் தக்காவோ, மற்றொன்று மியோக்கோ. தக்காவோவின் நீளம் 200 மீட்டருக்கு மேல். அது எட்டு அங்குல வாயுள்ள பத்துப் பீரங்கிகளோடு கட்டப்பட்ட கப்பல். எட்டு அங்குலம் என்றால், குண்டின் பருமன் ஏறக்குறைய ஒரு சாண் அளவு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட குண்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும்.

பிரிட்டிஷார் மலாயாவில் மீண்டும் படையிறக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். படை தெற்கே இறங்கி வந்து ஜொகூர் பாலத்தின் வழியாகத்தான் சிங்கப்பூருக்குள் போக வேண்டும். அப்போது நீரிணையில் நிற்கும் தக்காவோ, நகராமலே பீரங்கியைத் திருப்பினால் போதும். பாலமும் படையும் ஜொகூர் கரையும் ஒன்றாய்ச் சிதறும். ஆகவே அந்தக் கப்பலை முடக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

முடக்குவது எப்படி? பெரிய நீர்மூழ்கிக் கப்பல் நீரிணைக்குள் நுழைய முடியாது. ஆழம் போதாது, திரும்ப இடமில்லை. இதற்கென்றே செய்யப்பட்டிருந்தது குட்டி நீர்மூழ்கி. அதன் அமைப்பைச் சற்று விளக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் பின்னால் நடந்தது விளங்க அது வேண்டும்.

அந்தக் குட்டி நீர்மூழ்கியின் நீளம் ஏறத்தாழ 53 அடி. குறுக்களவு ஆறடிக்கும் குறைவு. ஓரளவு உயரமான மனிதர் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. எடை சுமார் 30 டன். நீர்மட்டத்தில் ஓடும்போது அதை ஓட்டியது ஒரு டீசல் என்ஜின். அந்நாளில் லண்டன் மாநகரப் பஸ்களில் பூட்டியிருந்த அதே வகை என்ஜின்தான். மூழ்கிய பிறகு டீசலை ஓட்ட முடியாது. காற்றை அது தின்றுவிடும் அல்லவா? அப்போது பாட்டரி மின்சாரத்தில் மெல்ல ஊர்ந்து போகும். மூழ்குவதற்குத் தொட்டிகளில் கடல் நீரை நிரப்புவார்கள். எழும்புவதற்கு அழுத்திய காற்றைச் செலுத்தி அந்த நீரை வெளியேற்றுவார்கள். சமைக்க ஒரு சிறு மின்சாரப் பாத்திரம் உண்டு. மற்றபடி நால்வருக்கும் வசதி என்று எதுவுமில்லை. வெப்பமண்டலக் கடலில் அந்த இரும்புக் குழாய் உள்ளே அடுப்பாய்க் கொதிக்கும்.

இந்தப் படகில் டார்பிடோ கிடையாது. ஒரு பக்கத்தில் இரண்டு டன் வெடிமருந்து நிரப்பிய பெட்டி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். எதிரிக் கப்பலின் அடியில் போய் அதைக் கழற்றி விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். மறுபக்கத்தில் 'லிம்பெட்' என்ற காந்தக் குண்டுகள் ஆறு, அவற்றைத் தாங்கும் ஒரு சட்டத்தில் இருக்கும். லிம்பெட் என்பது பாறையில் விடாப்பிடியாய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிப்பியின் பெயர். இந்தக் குண்டுகளையும் கப்பலின் அடிவயிற்றில் கையாலேயே ஒட்ட வேண்டும். அதற்காகப் படகின் நடுவில் சிறு அறை ஒன்று உண்டு. முக்குளிப்பவர் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அறையில் தண்ணீர் நிரம்பும். உள்ளும் வெளியும் அழுத்தம் சமமானதும் மேல்மூடியைத் திறந்துகொண்டு கடலுக்குள் நழுவுவார். திரும்பும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும்.

முக்குளிப்பவரின் உடை ரப்பர் பூசிய துணி. மூச்சுப் பையும் ரப்பர்தான். (எந்த நாட்டுத் தோட்டத்துப் பாலோ, யார் வெட்டிய மரமோ, நமக்குத் தெரியாது. ஆனால் ரப்பர் இல்லாமல் இந்த வேலையே நடந்திராது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளலாம்.) அவர் மூச்சு விடுவது சாதாரணக் காற்றில் அல்ல, தனி ஆக்சிஜனில். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்ப உள்ளிழுக்கும் ஏற்பாடு அது. அதனால் குமிழி மேலே வராது, எதிரிக்குத் தெரியாது. ஆனால் இதில் ஓர் ஆபத்து. உயிர் காக்கும் அதே ஆக்சிஜன், முப்பது அடிக்குக் கீழே போனால் நஞ்சாகிவிடும். வலிப்பு வந்து நினைவு தப்பும். இந்தப் படகுகளுக்குப் பயிற்சி நடந்தபோது ஆஸ்திரேலியக் கடலில் இரண்டு முக்குளிப்பு அதிகாரிகள் இறந்தே போனார்கள்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

எக்ஸ்-ஈ 3 என்ற குட்டி நீர்மூழ்கியின் தலைவர் இயன் பிரேசர். 1920 டிசம்பரில் லண்டனை அடுத்த ஈலிங்கில் பிறந்தவர். அந்தச் சமயத்தில் வயது 24. வணிகக் கப்பல்களுக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சிக் கப்பலில் படித்து, பிறகு கடற்படையின் சேமப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர். பரம்பரைப் படைத்தளபதி வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்காகக் கடலுக்குப் போனவர், போர் வந்ததால் போர்வீரரானவர். 'சாஹிப்' என்ற நீர்மூழ்கியில் மத்தியதரைக் கடலில் பணியாற்றி, 1943இலேயே ஒரு வீரப் பதக்கம் பெற்றிருந்தார். அதே ஆண்டில் திருமணமும் செய்துகொண்டார்.

முக்குளிப்பவர் ஜேம்ஸ் மகென்னிஸ். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரின் மேற்குப் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பில், 1919இல் பிறந்தவர். பதினைந்து வயதில், 1935இல், சிறுவனாகக் கடற்படையில் சேர்ந்தார். அவர் இருந்த போர்க்கப்பல் ஒன்று 1941இல் கண்ணிவெடியில் சிக்கி அழிந்தது. பிழைத்து வந்து நீர்மூழ்கிப் பிரிவில் சேர்ந்தார். 1943இல் நார்வேயில் ஜெர்மானியரின் பெருங்கப்பலான தீர்ப்பிட்சைக் குட்டி நீர்மூழ்கிகள் தாக்கினவே, அவற்றில் ஒன்றை இழுத்துச்செல்லும் வழிநெடுகக் காத்துக்கொண்டுபோன குழுவில் இவரும் ஒருவர்.

இந்த வழிக்குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். குட்டி நீர்மூழ்கி தானாக நெடுந்தூரம் போகாது. பெரிய நீர்மூழ்கி கயிறு கட்டி இழுத்துப் போகும். அந்த நாள்களில் குட்டிப் படகுக்குள் வேறு ஓர் ஆள்கூட்டம் இருந்து, ஈரத்திலும் புழுக்கத்திலும் கிடந்து, இயந்திரங்களைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துப் போர்க்குழுவிடம் ஒப்படைக்கும். கயிறு அறுந்தால் அவர்கள் கதி அதோகதி. தாக்கியவர்கள் பெயர் புத்தகத்தில் ஏறியது. கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெயரைத் தேடினால்தான் கிடைக்கும். மரத்தை வெட்டுகிறவர் ஒருவர், பெயர் போடுவது வேறு யாருக்கோ என்பது நமக்குப் புதிதல்லவே.

மற்ற இருவர்: நியூசிலாந்தைச் சேர்ந்த துணை அதிகாரி வில்லியம் ஸ்மித், இயந்திர வல்லுநர் சார்ல்ஸ் ரீட்.

1945 ஜூலை 26ஆம் நாள், போர்னியோவின் புருணை வளைகுடாவிலிருந்து 'ஸ்டிஜியன்' என்ற பெரிய நீர்மூழ்கி, எக்ஸ்-ஈ 3ஐ இழுத்துக்கொண்டு புறப்பட்டது. மியோக்கோவைத் தாக்க எக்ஸ்-ஈ 1 என்ற இன்னொரு குட்டிப் படகும் தனியே கிளம்பியது. 30ஆம் நாள் இரவு பதினொரு மணியளவில், நீரிணையின் வாய்க்கு வெளியே கயிறு அவிழ்க்கப்பட்டது. இனி நால்வரும் தனி.

நீரிணைக்குள் போகப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. ஆனால் அந்த வழியில் ஜப்பானியர் நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளை வைத்திருந்தார்கள். ஆகவே பிரேசர் வேண்டுமென்றே அந்த வழியை விட்டு விலகி, கண்ணிவெடிகள் விதைக்கப்பட்ட பகுதி வழியாகப் படகைச் செலுத்தினார். ஜப்பானியர் வைத்த கண்ணியும் உண்டு, நேச நாட்டார் போட்ட கண்ணியும் உண்டு. வெடிக்கு இவன் நம்மவன் என்று தெரியுமா? போக வர எண்பது மைல் பயணம் இப்படி. விடிந்து, முற்பகல் பத்தரை மணி அளவில், நீர்மூழ்கிகளைத் தடுக்கப் போட்டிருந்த கடல்வேலியைத் தாண்டினார்கள். பின்பு ஒரு முறை பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்த்தால், ஒரு படகு நிறைய ஜப்பானிய மாலுமிகள், முகம் தெரியும் தொலைவில்! குழாயை உடனே கீழே இறக்கினார் பிரேசர். அவர்கள் பார்க்கவில்லை.

பிற்பகலில் தக்காவோவை அடைந்தார்கள். அங்கே ஒரு சிக்கல். கப்பல் நின்ற இடம் அவ்வளவு ஆழமற்றது. முன்புறமும் பின்புறமும் ஏறக்குறையத் தரை தட்டும். நடுப்பகுதியின் கீழ் மட்டும் கடல்தரை சற்றுக் குழிந்திருந்தது. அந்தக் குழிக்குள் படகைச் செருக வேண்டும். முதல் முயற்சியில் படகு கப்பலின் பக்கத்தில் மோதியது. பின்வாங்கி, மறுபடி முயன்று, சேற்றைத் தள்ளித் தள்ளி, நாற்பது நிமிடம் போராடி, மூன்று மணி அளவில் கப்பலின் வயிற்றுக்கடியில் நுழைந்தார்கள்.

இப்போது மகென்னிஸின் வேலை. மேல்மூடியைத் திறந்தால், அது பாதிதான் திறந்தது. தக்காவோவின் அடிப்பாகம் இடித்தது. மூச்சை முழுதும் வெளியே விட்டு, நெஞ்சை ஒடுக்கி, அந்த இடுக்கு வழியாகத் தன்னை உருவிக்கொண்டு வெளியேறினார். அதில் அவருடைய மூச்சுக்கருவியில் கசிவு ஏற்பட்டது. குமிழி வரக்கூடாது என்பதற்காகவே செய்த கருவியிலிருந்து குமிழிகள் மேலே போகத் தொடங்கின.

அடுத்த சிக்கல், கப்பலின் அடியெல்லாம் கொட்டலசு. நெடுநாள் நகராத கப்பலின் அடியில் ஓடு ஓடாய் ஒட்டி வளருமே, கையை வைத்தால் அறுத்துவிடும், அதுதான். காந்தம் இரும்பைத் தொட்டால்தான் பிடிக்கும். ஓட்டின் மேல் எப்படிப் பிடிக்கும்? மகென்னிஸ் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். காய்ந்த ஒட்டுப்பாலைப் பட்டையிலிருந்து உரித்தெடுப்பவர்களுக்கு அந்த வேலையின் சள்ளை புரியும். இங்கே அதைத் தலைகீழாக, கலங்கல் நீரில், கசியும் மூச்சோடு செய்ய வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு மூன்று குண்டுகளை ஒட்டிவிட்டுத் திரும்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஆறையும் ஒட்டிவிட்டே திரும்பினார். உள்ளே வந்தபோது கைகள் கிழிந்து, நிற்கவும் திராணியில்லை.

இரண்டு டன் வெடிப்பெட்டியைக் கழற்றி விட்டாயிற்று. வெடிக்க ஆறு மணி நேரம். இனிக் கிளம்ப வேண்டியதுதான். படகு அசையவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? நேரமானதில் கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இந்த நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்தடி வரை வேறுபாடு இருப்பதைக் கரையோரத்து மக்கள் அறிவார்கள். தண்ணீர் இறங்க இறங்க, மேலே மிதந்த தக்காவோவும் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கியது. படகு கப்பலுக்கும் கடல்தரைக்கும் நடுவே அம்மிக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்டதுபோல் ஆயிற்று. பக்கத்திலேயே அவர்கள் வைத்த வெடி கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேசர் முன்னே ஓட்டினார், பின்னே ஓட்டினார், தொட்டியில் நீரை நிரப்பினார், வெளியேற்றினார். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு குலுக்கலில் படகு பிய்த்துக்கொண்டு பின்புறமாய் வெளியே பாய்ந்து, ஒரு கணம் நீர்மட்டத்துக்கே எழும்பிவிட்டது. நல்ல வேளை, கரையில் எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அத்தோடும் முடியவில்லை. குண்டுகளைத் தாங்கியிருந்த சட்டம் கழன்று விழாமல் ஒரு பக்கமாய்த் தொங்கியது. அதோடு படகு நேராகப் போகாது. யாராவது வெளியே போய்க் கழற்ற வேண்டும். மகென்னிஸ் களைத்துக் கிடந்ததால், தானே போவதாகப் பிரேசர் சொன்னார். மகென்னிஸ் விடவில்லை. முக்குளிப்பது என் வேலை, சற்று மூச்சு வாங்கிக்கொண்டு நானே போகிறேன் என்றார். பெரிய முடுக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கசியும் அதே கருவியோடு மறுபடி இறங்கினார். ஏழு நிமிடம். உள்ளே இருந்த மூவரும் இரும்பில் இரும்பு மோதும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் கழன்றது.

எக்ஸ்-ஈ 1இன் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காவல் படகுகளால் தாமதமாகி, மியோக்கோ வரை போய்த் திரும்ப நேரம் போதாது என்று கண்ட அதன் தலைவர், தம் வெடிப்பெட்டியையும் தக்காவோவின் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். அங்கே ஏற்கெனவே ஒரு வெடி ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தே போனார்.

இரவு ஒன்பதரை மணிக்கு வெடித்தது. தக்காவோவின் அடியில் பெரிய ஓட்டை விழுந்து, நீர் புகுந்து, கப்பல் கடல்தரையில் உட்கார்ந்துவிட்டது. முழுதும் முழுகவில்லை, முழுக அங்கே ஆழமில்லை. நால்வரும் நீரிணையை விட்டு வெளியேறி ஸ்டிஜியனைச் சேர்ந்தார்கள். திரும்பியதும், மியோக்கோவைத் தாக்க மறுபடி போவதற்கு ஆயத்தம் நடந்தது. அதே கண்ணிவெடி, அதே கடல்வேலி. அதற்குள் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டு விழுந்து, ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. பயணம் நின்றது.

நேயர்களே, இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தக்காவோ 1944 அக்டோபரிலேயே, பிலிப்பீன்ஸ் அருகே, 'டார்ட்டர்' என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோவால் அடிபட்ட கப்பல். சிங்கப்பூருக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. பெருங்கடலுக்குப் போகும் வலிமை அதற்கு இல்லை. வானத்து விமானங்களைச் சுடும் மிதக்கும் மேடையாகத்தான் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பீரங்கிகள் பாலத்துக்கு ஆபத்தாகியிருக்குமா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வாய்ப்பு வரவில்லை. பிரிட்டிஷ் படை செப்டம்பர் 9ஆம் நாள் மோரிப் கடற்கரையிலும் போர்ட் டிக்சன் பக்கத்திலும் இறங்கியபோது போரே முடிந்திருந்தது. அப்படியானால் இவர்கள் பட்டது வீணா? ஜூலை 31ஆம் நாள் யாருக்கும் ஆகஸ்ட் 15 தெரியாது. அதை வைத்துத்தான் நாம் அந்தத் துணிச்சலை அளக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இப்படிப்பட்ட தாக்குதல்களுக்கு விலை கொடுத்தவர்கள் தாக்கியவர்கள் மட்டும் அல்லர். 1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேறு ஒரு குழு காந்தக் குண்டு ஒட்டிக் கப்பல்களைச் சேதப்படுத்திவிட்டுத் தப்பிவிட்டது. யார் செய்தது என்று தெரியாத ஜப்பானிய இராணுவப் போலீசார், அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கி, சம்பந்தமே இல்லாத 57 பேரைப் பிடித்து வதைத்தார்கள். பதினைந்து பேர் இறந்தார்கள். மறுபடி வந்த குழுவில் பிடிபட்ட பத்துப் பேரை 1945 ஜூலை 7ஆம் நாள் தலை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு மூன்றரை வாரத்துக்குப் பின்புதான் பிரேசர் குழு நீரிணைக்குள் நுழைந்தது. பிடிபட்டால் என்ன நேரும் என்பதில் ஐயமே இல்லை.

1945 நவம்பரில் விருதுகள் அறிவிக்கப்பட்டன. பிரேசருக்கும் மகென்னிஸுக்கும் விக்டோரியா கிராஸ். இந்தப் பதக்கத்தில் அதிகாரி, சாதாரண மாலுமி என்ற வேறுபாடு கிடையாது. இருவர் நெஞ்சிலும் ஒரே வெண்கலம். ஸ்மித்துக்கும் ரீட்டுக்கும் அடுத்த நிலை விருதுகள். (எதிரியின் முன் நின்று போரிடாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு, இதற்குச் சமமாக ஜார்ஜ் கிராஸ் என்ற பதக்கம் உண்டு. 1944இல் இத்தாலியில், கண்ணிவெடி ஒன்றின் மேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்து உயிர்விட்ட சென்னை சேப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியனுக்கு அது அளிக்கப்பட்டது. அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?)

பதக்கத்துக்குப் பின் என்ன? பிரேசர் போர் முடிந்ததும், இராணுவம் மலிவாய் விற்ற முக்குளிப்பு உடைகளையும் கருவிகளையும் வாங்கினார். தம் சகோதரரோடும் பழைய தோழர்களோடும் சேர்ந்து, கண்ணாடித் தொட்டிக்குள் முக்குளித்துக் காட்டிக் காட்சி நடத்திப் பணம் சேர்த்தார். அதிலிருந்து முக்குளிப்புக் கம்பெனி ஒன்றை வளர்த்தார். துறைமுகம், பாலம், குழாய் என்று நீருக்கடியில் வேலை நிறைய இருந்தது. ஆக, ஜொகூர் நீரிணையில் செய்த தொழிலே அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1957இல் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 2008இல், 87 வயதில் காலமானார். மகென்னிஸைவிடத் துணிந்த மனிதரைத் தாம் பார்த்ததில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒருவனுக்குப் பதக்கம் வாங்கித்தரும் செயலுக்குப் பயிற்சி தருகிறார்கள், அதன் பிறகு வருவதற்கு ஒருவரும் பயிற்சி தருவதில்லை என்றும் சொன்னார்.

மகென்னிஸ் ஊருக்குத் திரும்பியபோது பெல்ஃபாஸ்ட் மக்கள் கூடி வரவேற்றார்கள். ஷில்லிங் ஷில்லிங்காய் வசூலித்து மூவாயிரம் பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் போரில் வட அயர்லாந்திலிருந்து இந்தப் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் நகரத்தின் உயர் மரியாதையான 'நகரச் சுதந்திரம்' அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் கத்தோலிக்கர், ஏழை வட்டாரத்துக்காரர், நகராட்சியில் இருந்தவர்கள் வேறு பிரிவினர். அதுதான் காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வந்த பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் அவரும் மனைவியும் செலவழித்தார்கள். ஏழை வீட்டில் பிறந்து கையில் மொத்தமாய்ப் பணம் பார்த்திராதவர்களை இதற்காக நாம் ஏசப் போவதில்லை. 1949இல் கடற்படையை விட்டு விலகினார். 1952இல், கையில் காசில்லாமல், அந்த விக்டோரியா கிராஸை 75 பவுனுக்கு விற்றார். செய்தி பரவியதும் ஊரில் ஏச்சும் பேச்சும் கிளம்பின. 1955இல் குடும்பத்தோடு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகருக்குப் போய், மின்சாரத் தொழிலாளியாக வேலை செய்தார். 1986 பிப்ரவரியில் இறந்தார்.

தக்காவோவை 1946 அக்டோபரில் பிரிட்டிஷார் மலாக்கா நீரிணைக்கு இழுத்துப் போய், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்துச் சுட்டு மூழ்கடித்தார்கள்.

மகென்னிஸ் இறந்த அதே 1986இல் அந்தப் பதக்கம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 29,000 பவுனுக்குப் போயிற்று. பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் வளாகத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அது 1999இல், அவர் ஜொகூர் நீரிணையில் இறங்கி 54 ஆண்டுகளுக்குப் பிறகு.